பூசணம் பிடிக்காத மரக்கோயில்

நார்வேயின் மேற்கே லேர்டால் என்றொரு பள்ளத்தாக்கு. அதில் போர்குண்ட் என்னும் சிற்றூரில் ஒரு தேவாலயம் நிற்கிறது. கற்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அடிக்கட்டையிலிருந்து கூரை முகடு வரைக்கும் எல்லாம் மரம். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள், இதன் கட்டைகள் 1180-81 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இயேசுவின் சீடர் அந்திரேயாவின் பெயரால் அர்ப்பணிக்கப்பட்ட கோயில் இது. வயது 840-ஐத் தாண்டிவிட்டது.

பாதி வருஷம் பனி, மிச்சத்தில் மழையும் வெயிலும். வெளியே கிடக்கும் பலகை எத்தனை நாள் தாங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பிறகு இது மட்டும் எப்படி? தெய்வச் செயல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அதைவிட நல்ல பதில் ஒன்று உங்கள் அடுக்களை அலமாரியில் இருக்கிறது என்பேன். வருஷத்துக்கென்று போட்டு வைத்த ஆவக்காய் ஜாடிதான் அந்தப் பதில்.

ஆவக்காய் போடும் பாட்டிக்கு எதிரி ஒன்றே ஒன்று: ஈரம். காய் முற்றியிருக்க வேண்டும். கழுவிய காயைத் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, பிறகுதான் அரிவாள்மணையை எடுப்பாள். ஜாடியை வெறுந்தரையில் வைக்க விடமாட்டாள். பலகை போட்டு அதன் மேல்தான். வாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டுவாள். துண்டுகள் முங்கி மேலே எண்ணெய் நிற்க வேண்டும். எண்ணெய் இறங்கினால் காய்ச்சி ஆறவைத்து மறுபடி ஊற்ற வேண்டும். ஈரக்கையோடு யாராவது ஜாடிப் பக்கம் போனால் தொலைந்தார்கள். இந்த விதிகளில் ஒன்றைக் கைவிட்டாலும் மழைக்காலத்தில் ஊறுகாய் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும்.

மரத்தைத் தின்பதும் அதே பூஞ்சைக் கூட்டம்தான். மரம் வயதாகிச் சாவதில்லை. பூஞ்சை தின்று சாகிறது. பூஞ்சைக்கு உணவு வேண்டும், காற்று வேண்டும், கொஞ்சம் கதகதப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும். உணவு அந்த மரமேதான், அதை ஒளிக்க முடியாது. காற்றையும் கோடையையும் நிறுத்த முடியாது. நம் கையில் இருப்பது தண்ணீர் மட்டும். மரத்துக்குள் ஈரப்பதம் சுமார் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிற வரை பூஞ்சை தலையெடுக்காது. போர்குண்டைக் கட்டிய தச்சர்களுக்கு இந்த எண் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது. இருவரும் செய்தது ஒரே வேலை.

முதலில் காய் பொறுக்குவது. குளிர்நாட்டுப் பைன் மரம் மெதுவாக வளரும். வருஷத்துக்கு ஒரு மெல்லிய வளையம், அவ்வளவுதான். அதனால் வளையங்கள் நெருங்கி, உட்பகுதி வைரம் பாய்ந்து, பிசின் ஏறி இறுகிக் கிடக்கும். வெளியே இருக்கும் வெளிறுதான் பூஞ்சைக்கு இனிப்பு. வைரத்தை அது சுலபத்தில் தொடாது. தச்சர்கள் முற்றிய மரமாகப் பார்த்து வெட்டினார்கள். ஆற்று நீரால் ஓடும் ரம்ப ஆலைகள் அந்த நாட்டுக்கு 16ஆம் நூற்றாண்டில்தான் வந்தன என்பதால், இங்கே எல்லாப் பலகையும் பிளந்து கோடரியால் செதுக்கியவை. நின்ற மரத்திலேயே கிளையையும் நுனியையும் கழித்துவிட்டு, சில ஆண்டுகள் பிசின் ஊற விட்டு, அதன் பிறகே வெட்டினார்கள் என்று ஒரு செவிவழிச் செய்தியும் உண்டு. ஊர் ஊருக்குக் கோயில் எழும்பிய காலத்தில் எல்லா மரத்துக்கும் அப்படிக் காத்திருந்தார்கள் என்பதை நான் நம்பவில்லை. சரியான மரத்தைப் பொறுக்கியதே பாதி வேலையை முடித்துவிட்டது.

அடுத்தது தரையில் வைக்காத விஷயம். இதை அவர்கள் பட்டுத்தான் கற்றார்கள். நார்வேயின் முதல் மரக்கோயில்களில் தூண்களைக் குழி தோண்டி மண்ணுக்குள் நட்டார்கள். ஊர்னெஸ், லூம் ஆகிய ஊர்களில் இன்றிருக்கும் கோயில்களின் தரைக்கு அடியில் அகழ்ந்தபோது அந்தப் பழைய குழிகள் கிடைத்தன. மண்ணில் நட்ட தூண் மேலேயும் அழுகாது, அடியாழத்திலும் அவ்வளவாக அழுகாது. மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த ஒரு சாண் உயரத்தில்தான் அழுகும். ஈரமும் அங்கே, காற்றும் அங்கே. தூண் முழுசாக இருக்க, கணுக்கால் மட்டும் போய்விடும்.

12ஆம் நூற்றாண்டில் தச்சர்கள் தூணை மண்ணிலிருந்து பிடுங்கினார்கள். கற்களை வரிசையாக அடுக்கி, அதன் மேல் கனத்த அடிக்கட்டைகளைப் படுக்கையாகப் போட்டார்கள். கட்டைகள் மூலைகளில் ஒன்றையொன்று கவ்விக் கொள்ளும். தூண்கள் அந்தக் கட்டைகளின் மேல் நின்றன. கோயிலுக்கும் பூமிக்கும் இடையே இப்போது கல்லும் காற்றும் மட்டுமே. தரைப் பலகைக்கு அடியில் காற்று புகுந்து வெளியேறும். ஒரு முழம் உயர்த்தியதில் எட்டு நூற்றாண்டு ஆயுள் கிடைத்தது என்றால் மிகைதான், ஆனாலும் கட்டடத்தின் மற்ற எந்த ஒரு மாற்றமும் இந்த அளவுக்கு உதவவில்லை.

இனி வேடு கட்டும் வேலை. போர்குண்டின் படத்தைப் பார்த்தவர்கள் மறக்காதது அந்தக் கூரைதான். செங்குத்தாகச் சரியும் கூரை, அதன் கீழ் இன்னொன்று, அதற்கும் கீழ் மற்றொன்று என்று அடுக்கடுக்காக இறங்கும். எல்லாம் மீன்செதில் வரிசையில் அறைந்த மரச்சில்லுகள். ஒவ்வொரு கூரையும் தனக்குக் கீழே இருக்கும் சுவரைத் தாண்டி வெளியே நீள்கிறது. மேலிருந்து வழியும் நீர் சுவரைத் தொடாமல் அடுத்த கூரையில் விழுந்து, அங்கிருந்து அடுத்ததில் விழுந்து, கடைசியில் தூர இருக்கும் மண்ணில் விழும். பனியும் சரிவில் நெடுநேரம் தங்காது. கடைசி அடுக்குக்கு அடியில் கோயிலைச் சுற்றி ஒரு தாழ்வாரம் ஓடுகிறது. வந்தவர்கள் மழைக்கு ஒதுங்கி நிற்க அது உதவியது. கட்டடத்துக்கு அதனால் கிடைத்த லாபம் வேறு: உள்சுவரின் அடிக்கட்டையில் சாரல் படுவதே இல்லை. மாற்றுவதற்குக் கடினமான பாகத்தை மாற்றுவதற்குச் சுலபமான பாகம் மறைத்து நிற்கிறது. சில்லு போனால் சில்லை மாற்றலாம். அடிக்கட்டை போனால் கோயிலையே தூக்க வேண்டும்.

முகட்டின் நுனிகளில் நான்கு டிராகன் தலைகள் வெளியே எட்டிப் பார்க்கின்றன. கீழே கூரை முனைகளில் சிலுவைகள். மேற்கு வாசலின் இரு பக்கமும் கொடிகளும் கடித்துக்கொள்ளும் பாம்புடல்களும் பின்னிக் கிடக்கும் செதுக்கு வேலை. கிறித்தவம் வந்து வேரூன்றி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு கட்டிய கோயில் என்பதால் இதைப் பழைய மதத்தின் ஒளிந்திருக்கும் மிச்சம் என்று நான் சொல்லமாட்டேன். அது அந்தத் தச்சர்களின் கைப்பழக்கம். ஊருக்கும் அதில் உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. வழிப்போக்கன் ஒருவன் புனித ஊலாவ் திருநாளுக்கு முந்தின மாலை இந்த வழியாகப் போனபோது ரூனிக் எழுத்தில் ஒரு வரி கீறிவிட்டுப் போயிருக்கிறான். கிறித்தவத் திருநாளைக் குறிப்பிட்ட அதே கையோடு, தன் தலைவிதியை எழுதிய பழைய நோர்ன் தேவதைகளைப் பற்றியும் புலம்பியிருக்கிறான். அதே மேற்குப் பக்கத்தில் மரியாளுக்கான வாழ்த்தும் ரூனிக் எழுத்தில் இருக்கிறது.

உள்ளே போனால் இருட்டு. முதலில் கட்டியபோது சன்னல் என்று எதுவும் இல்லை. சுவரின் உச்சியில் சின்னச் சின்ன வட்டத் துளைகள் மட்டும். உட்கார இருக்கை வரிசை இல்லை. மக்கள் நின்றே வழிபட்டார்கள். பெண்கள் வடக்குப் பக்கம், ஆண்கள் தெற்குப் பக்கம். குளிர் காய நெருப்பும் கிடையாது. பக்தருக்கு இது கஷ்டம், மரத்துக்கு இது வரம். சுவரில் துளை போட்டால் நீர் இறங்கும். உள்ளே சூடேற்றினால் ஆட்களின் மூச்சு ஈரம் குளிர்ந்த பலகையில் முத்து முத்தாகப் படியும். சூடான ஊறுகாயை மூடி வைக்கக்கூடாது என்பதும் இதனால்தான்.

இதுவரை ஜாடி துணைக்கு வந்தது. கோயிலின் எலும்புக்கூட்டைப் பற்றிப் பேச அது போதாது. ஜாடி அலமாரியில் அசையாமல் இருக்கும்; இந்தக் கோயில் காற்றில் ஆட வேண்டும். அதனால் கொஞ்ச நேரம் அடுக்களையை விட்டு வெளியே வருவோம்.

நடுக்கூடத்தைச் சுற்றி நெடுந்தூண்கள் நிற்கின்றன. பெரும்பாலானவை முழு மரம், உருண்டையாகச் செதுக்கியவை, அடிக்கட்டையிலிருந்து மேல்கூரை வரை ஒரே நீளம். நார்வே மொழியில் இந்தத் தூணுக்கு ஸ்டாவ் என்று பெயர். இவ்வகைக் கோயில்களுக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. தூண்களின் உச்சியில் செதுக்கிய முகங்கள் இருட்டுக்குள்ளிருந்து கீழே பார்க்கின்றன. தூணுக்குத் தூண் நடுவுயரத்தில் இரண்டு விட்டங்கள் இறுக்கிப் பிடிக்க, அவற்றுக்கு இடையே பெருக்கல் குறி வடிவில் குறுக்குக் கட்டைகள். அந்திரேயா அப்படிப்பட்ட சிலுவையில் அறையப்பட்டார் என்பது மரபு என்பதால் அதை அந்திரேயாச் சிலுவை என்றே அழைக்கிறார்கள். அவர் பெயர் தாங்கிய கோயிலுக்குப் பொருத்தம்தான். ஆனால் அது அங்கே இருப்பது சட்டம் கோணலாகிவிடாமல் தடுக்க. சதுரச் சட்டத்தை ஒரு பக்கம் தள்ளினால் சாய்ந்துவிடும், குறுக்கே கட்டை போட்டால் சாயாது.

தூணும் விட்டமும் சேரும் மூலைகளில் வளைந்த முட்டுகள். நேர்ப்பலகையை வளைவாக அறுத்தால் நார் அறுந்து, பாரம் வந்தவுடன் பிளந்துவிடும். இவர்கள் வேரும் அடிமரமும் சேரும் இடத்தில் இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கட்டையைத் தேடி எடுத்தார்கள். நார் வளைவோடு வளைந்தே ஓடும். கூரைக்கு உள்ளே கைமரங்கள் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று வெட்டிப் போகின்றன, அதனால் கூரையின் பாரம் சுவரை வெளியே தள்ளுவதில்லை.

சுவர் பாரமே தாங்குவதில்லை என்பதுதான் இதில் அழகு. அடிக்கட்டையில் நீளத்துக்குக் காடி எடுத்து, பலகைகளை அதில் செங்குத்தாக நிறுத்தி, ஒவ்வொரு பலகையின் நாக்கையும் அடுத்த பலகையின் பள்ளத்தில் செருகி, மேலேயும் ஒரு காடிக் கட்டையால் மூடியிருக்கிறார்கள். ஈரக்காலத்தில் பலகை உப்பும், வறண்ட காலத்தில் சுருங்கும். காடிக்குள் அதற்கு இடம் உண்டு. சட்டம் முழுவதும் மரமுளைகளால் இணைத்தது. இரும்பாணி அடித்தால் ஆணியைச் சுற்றி ஈரம் படிந்து துருப்பிடித்து மரத்தையும் கெடுக்கும். முளை மரத்தோடு சேர்ந்தே உப்பிச் சுருங்கும். பெருங்காற்றில் கோயில் முனகும். முனகுவதால் முறிவதில்லை.

இப்போது எண்ணெய்க்கு வருவோம்.

ஆவக்காய்க்கு நல்லெண்ணெய் எப்படியோ அப்படி இந்த மரத்துக்குப் பைன் தார். சாலை போடும் தார் இல்லை. பைன் மரத்திலிருந்தே எடுப்பது. வெட்டிய பைனின் அடிக்கட்டையும் வேரும் பிசின் நிறைந்தவை. அவற்றைச் சிறு துண்டுகளாகப் பிளந்து காயவைத்து, புனல் போல் சரிவாகத் தோண்டிய குழியில் நெருக்கமாக அடுக்குவார்கள். குழிக்கு உள்ளே பிர்ச் மரப்பட்டை விரிப்பு. மேலே புல்கரணை போட்டு மூடி, ஓரத்தில் தீ வைப்பார்கள். கொழுந்துவிட்டு எரியக்கூடாது, காற்று குறைவாகப் போய்ப் புகைந்து கொண்டே இருக்க வேண்டும். இரவும் பகலும் ஆள் காவல். எங்காவது தீ எட்டிப் பார்த்தால் மண் போட்டு அடக்க வேண்டும். சூட்டில் பிசின் உருகி, பட்டையில் வழிந்து, குழாய் வழியாகப் பீப்பாய்க்கு வரும். முதலில் வருவது தண்ணீராக இருக்கும், பின்னால் வருவது தேன்நிறத்தில் கெட்டியாக. நிதானம் தப்பினால் பீப்பாயில் சேர வேண்டியது புகையாகப் போய்விடும்.

அந்தத் தாரைச் சூடாக்கி, வெயில் அடிக்கும் உலர்ந்த நாளில் சுவரிலும் கூரையிலும் தூரிகையால் பூசுவார்கள். மரம் குடிக்கிற அளவு குடிக்கும், மிச்சம் மேலே படிந்து மழையைத் தள்ளும். ஆனால் நிரந்தரம் என்று எதுவும் இல்லை. வெயில் தாரை உருக்கி வழியவிடுகிறது, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னவும் செய்கிறது. தெற்குச் சுவர் வடக்குச் சுவரைவிடச் சீக்கிரம் வறண்டு போகும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், அதுவும் தெற்கே அடிக்கடி. பழைய பூச்சு கருத்துக் கொண்டே போகும். எட்டு நூற்றாண்டுக் கருமை அந்தச் சுவர்களில் தெரிகிறது.

இந்தக் கோயில்கள் நிலைத்ததற்குத் தச்சரின் திறமையை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கோ தார் பூசியவர்கள்தான் பெரிய ஆட்களாகத் தெரிகிறார்கள். தச்சர் ஒருமுறை வந்து போனார். பூசியவர்கள் தலைமுறை தலைமுறையாக ஏணி ஏறினார்கள். செங்குத்துக் கூரையில் சூடான தார்ச்சட்டியோடு தொங்குவது விளையாட்டில்லை. அன்றைய சட்டமும் கோயில் பராமரிப்பை ஊரார் தலையில்தான் கட்டியது. மேற்கு நார்வேக்குரிய குலாதிங் சட்டத்தின்படி, மாவட்டக் கோயிலின் மூலைத்தூண் விழுந்துவிட்டால் 12 மாதத்துக்குள் புது மரம் அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும். தவறினால் அபராதம்.

இப்படி நடுக்காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டாவ் கோயில்கள் எழுந்தன. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தசமபாக வரி வந்தது, பணமும் கிடைத்தது. 1349இல் கொள்ளைநோய் வந்தபோது எல்லாம் நின்றது. மக்கள்தொகை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சரிந்தது, பண்ணைகள் காலியாயின, பூச ஆளில்லாத கோயில்கள் அவற்றோடு அழிந்தன. 1537இல் லூத்தர் வழிச் சீர்திருத்தம் வந்தது. வழிபாட்டில் பிரசங்கம் முதலிடம் பிடித்தது. உட்கார்ந்து கேட்க இருக்கை வேண்டும், பார்க்க வெளிச்சம் வேண்டும் என்று இருக்கைகளும் சன்னல்களும் பிரசங்க மேடையும் உள்ளே வந்தன. போர்குண்டின் பலிபீடப் பின்பலகை 1654ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

கொள்ளைநோயை விடப் பெரிய அடி 19ஆம் நூற்றாண்டில் விழுந்தது, அதுவும் நல்லெண்ணத்தோடு. ஊர் மக்கள்தொகையில் பத்தில் மூன்று பங்கினர் உட்காரும் அளவுக்குத் தேவாலயம் இருக்க வேண்டும் என்று 1851இல் சட்டம் போட்டார்கள். சிற்றூர்களின் சின்ன மரக்கோயில்கள் அந்தக் கணக்கில் தோற்றன. இடித்துப் புதிது கட்டுவது எளிதாக இருந்தது. அதற்கு முன்பே, வாங் என்ற ஊரின் கோயில் விற்பனைக்கு வந்தபோது ஓவியர் யோஹான் கிறிஸ்டியன் டால் தலையிட, பிரஷ்ய மன்னர் அதை வாங்கிப் பிரித்துக் கொண்டுபோனார். இன்று அது போலந்தின் கார்பாச் நகரில் நிற்கிறது. பழம்நினைவுச் சின்னங்களைக் காக்க நார்வேயில் 1844இல் ஒரு சங்கம் தொடங்கியதிலும் டாலுக்குப் பங்கு உண்டு. போர்குண்டுக்காரர்கள் 1868இல் பக்கத்திலேயே புதுத் தேவாலயம் கட்டிக்கொண்டார்கள். பழையதை இடிக்கவில்லை. 1877இல் அந்தச் சங்கம் அதை வாங்கியது.

கட்டடக்கலைஞர் கிறிஸ்டியன் கிறிஸ்டி 1870களின் தொடக்கத்தில் இதைச் செப்பனிட்டார். பின்னால் சேர்த்த சன்னல், இருக்கை, உள்கூரை எல்லாவற்றையும் அகற்றி, நடுக்காலத்தில் எப்படி இருந்திருக்குமோ அப்படி ஆக்கினார். முந்நூறு வருஷ வழிபாட்டின் தடயங்களை ஒரே வீச்சில் துடைத்தது சரியா என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த மக்களும் இந்தக் கோயிலின் வரலாறுதானே. ஆனால் எலும்புக்கூட்டை இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிவது அவரால்தான், வேறு ஊர்களில் சிதைந்த ஸ்டாவ் கோயில்களை மீட்டவர்களுக்கும் போர்குண்டே மாதிரி.

தார் என்ற இந்த எண்ணெயில் ஓர் ஆபத்தும் உண்டு. பிசின் ஏறிய மரம், அதன் மேல் நூற்றாண்டுகளாகத் தார். ஒரு தீக்குச்சி போதும். பெர்கன் நகரருகே இருந்த ஃபன்டோஃப்ட் ஸ்டாவ் கோயிலை 1992 ஜூன் 6 அன்று யாரோ கொளுத்தினார்கள், காலைக்குள் முடிந்துவிட்டது. 1997இல் அதைத் திரும்பக் கட்டினார்கள், ஆனால் மரம் புதிது. ஈரத்தை எட்டு நூற்றாண்டு வென்ற உத்தி நெருப்பின் முன் நிற்காது.

நார்வேயில் இப்போது மிஞ்சியிருப்பவை 28. 1130களைச் சேர்ந்த ஊர்னெஸ் கோயில் 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. 2001 முதல் 2015 வரை அந்நாட்டுத் தொல்பொருள் துறை எல்லா ஸ்டாவ் கோயில்களையும் ஒவ்வொன்றாகப் பழுதுபார்த்தது. பழைய முறையில் குழியில் எரித்து எடுத்த நல்ல தாரும், அதைப் பூசத் தெரிந்த கைகளும் அந்த வேலைக்குத் தேவைப்பட்டன.

போர்குண்டுக்குப் போகிறவர்கள் கோடையில் போங்கள். நுழைவுச் சீட்டு வாங்கித்தான் உள்ளே விடுவார்கள். தாருக்கும் ஏணிக்கும் செலவு இருக்கிறது, முணுமுணுக்க வேண்டாம். வெயில் நாளில் தெற்குச் சுவரில் சாய்ந்து படம் மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தார்க் கறை எந்தச் சோப்புக்கும் போகாது.